டேங்கர் சாய்ந்தால் படிக்கவேண்டிய காகிதங்கள்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 138 வல்லநாட்டுப் பக்கம் தாமிரபரணியைக் கடக்கிறது. துறைமுகத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்தும் பெட்ரோல், டீசல், அமிலம், காஸ்டிக் சோடா ஏற்றிக்கொண்டு மேற்கே வரும் டேங்கர்கள் இந்தப் பாலத்தில்தான் ஏறி இறங்குகின்றன. கீழே ஓடுவது இரண்டு மாவட்டங்களின் குடிநீர். தூத்துக்குடி நகரத்துக்குப் போகும் தண்ணீரே வல்லநாட்டில்தான் எடுக்கப்படுகிறது.

அங்கே ஒரு டேங்கர் சாய்ந்தால் முதலில் ஓடிவருகிறவர் வேதியியல் படித்தவராக இருக்கமாட்டார். டீக்கடைக்காரர் வருவார், ஆடு மேய்க்கிறவர் வருவார், பின்னால் வந்த பஸ் டிரைவர் இறங்கி வருவார், கொஞ்ச நேரத்தில் பைக்கில் ஒரு ஏட்டையா வருவார். லாரி டிரைவர் அடிபட்டுக் கிடந்தால் பேசமுடியாது. "உள்ளே என்ன இருக்கு?" என்ற கேள்விக்கு வண்டியின் உடம்பில் எழுதியிருப்பதும் கேபினில் இருக்கும் காகிதமும்தான் பதில் சொல்லவேண்டும்.

ஆபத்தான சரக்குக்கான காகிதங்களை ஆர்.டி.ஓ. செக்கிங்கில் நீட்டுவதற்கான கட்டு என்று பல லாரி ஷெட்டுகளில் நினைக்கிறார்கள். அந்த ஏட்டையா படிப்பதற்காக எழுதப்பட்டவை அவை என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு விதியும் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 129 முதல் 137 வரையுள்ள விதிகள்தான் இதற்கு அடிப்படை. 1984-இல் போபால் நடந்து, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1989-இல் ஆபத்தான ரசாயனங்களுக்கும் கழிவுகளுக்கும் தனி விதிகள் வந்த காலம் அது. ஒரு ரசாயனம் என்னவென்றே ஊருக்குத் தெரியாமல் இருந்ததால் எவ்வளவு பேர் செத்தார்கள் என்பதைப் பார்த்த பிறகு எழுதப்பட்ட சட்டங்கள் இவை.

வண்டியின் மூன்று பக்கங்கள்

விதி 134 சொல்லும் அவசரத் தகவல் பலகை, வண்டியின் இரண்டு பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து தரையில் அமுங்கினாலும் மற்ற இரண்டில் ஒன்று கண்ணில் படும். பலகையில் சரக்கின் சரியான தொழில்நுட்பப் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத உயர எழுத்தில் இருக்கவேண்டும். எந்த வகை ஆபத்து என்று காட்டும் ஐ.நா. வகுப்பு எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அபாயக் குறியான அந்தச் சாய்சதுரம் குறைந்தது 250 மில்லிமீட்டர் சதுரம். அவசர உதவிக்கான தொலைபேசி எண்ணும், சரக்கு அனுப்பியவர் அல்லது விவரம் சொல்லத் தெரிந்த ஒருவரின் பெயரும் எண்ணும் 50 மில்லிமீட்டர் உயரத்தில் வேண்டும். நச்சுப்புகைக்குள் போகாமல், தள்ளி நின்றே படிக்கத்தான் இந்த அளவுகள்.

"சரியான தொழில்நுட்பப் பெயர்" என்ற இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறது. "ஆசிட்" என்று மட்டும் எழுதிய வண்டிகள் சாலையில் ஓடுகின்றன. சல்ஃப்யூரிக் அமிலம் என்று எழுதினால்கூடப் போதாது. 51 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி உள்ளதற்கு, சரக்கை அடையாளம் காட்டும் நான்கு இலக்க ஐ.நா. எண் 1830. அதற்குக் கீழே இருந்தால் 2796, பேட்டரிக்கு ஊற்றும் அமிலம் இதில் சேரும். பெயர் ஒன்றுதான், ஆனால் 98 சதவீத அமிலத்தின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். பேட்டரி அமிலம் அப்படிச் செய்யாது. உதவி செய்யப் போகிறவருக்கு அந்த நான்கு இலக்கம்தான் கண்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அவசரக் குறியீட்டையும் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. பெட்ரோல் டேங்கரில் 1203 என்ற எண்ணோடு '3 ஒய் இ' என்றிருக்கும். முதல் இலக்கம் எதை வைத்து அணைப்பது என்று சொல்கிறது: 1 என்றால் தண்ணீரைப் பரவலாகத் தெளிப்பது, 2 என்றால் மூடுபனிபோல் மெல்லிய தெளிப்பு, 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீர் படாத உலர்பொருள். நடுவில் உள்ள எழுத்து, போட்டுக்கொள்ளவேண்டிய பாதுகாப்பு உடையையும், சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா அல்லது அணைகட்டித் தேக்கவேண்டுமா என்பதையும் சொல்கிறது. டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் என்றால் தேக்கு. பி, ஆர், எஸ், டி என்றால் கழுவலாம். கடைசியில் 'இ' இருந்தால் சுற்றியுள்ள ஜனங்களை வெளியேற்றுவதைப் பற்றி உடனே யோசி என்று அர்த்தம். குளோரினுக்கு (1017) '2 எக்ஸ் இ'. அடர் சல்ஃப்யூரிக் அமிலத்துக்கு '2 பி'.

இந்த '2 பி'-யை வல்லநாட்டுப் பாலத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம் என்கிறது குறியீடு. ஆனால் கழுவிய தண்ணீர் போய்ச் சேருவது ஆற்றுக்கு. குறியீட்டுக்கு நம் ஊர் தெரியாது. பாலத்தில் மணல் மூட்டை போட்டு மறித்து, சுண்ணாம்பு தூவி அமிலத்தை முறித்து, நீரேற்று நிலையத்துக்குப் போன் போட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லவேண்டும். இதைச் சொல்லவேண்டிய காகிதம் வேறொன்று. அதற்குப் பிறகு வருவோம்.

பலகையில் நடக்கும் மற்ற கோளாறுகள் சாதாரணமாகத் தோன்றும், விளைவு சாதாரணமாக இராது. போன நடையில் ஏற்றிய சரக்கின் எண்ணை மாற்றாமல் விடுவது. தார்ப்பாய் இறங்கிப் பலகையை மூடிக்கொள்வது. இறக்கிவிட்டுத் திரும்பும் பெட்ரோல் டேங்கரை "காலி வண்டிதானே" என்று பலகையைத் திருப்பிவைப்பது. உள்ளே திரவம் இல்லாமல் ஆவி மட்டும் காற்றோடு கலந்து நிற்கும் டேங்கர், நிறைந்த டேங்கரைவிடச் சுலபமாக வெடிக்கும். கழுவி, ஆவி நீக்கிச் சான்று வாங்கும்வரை அது காலி வண்டி அல்ல.

கேபினில் ஒரு அட்டை

விதி 132-இன்படி வண்டி உரிமையாளர் டிரைவருக்கு எழுத்தில் தரவேண்டிய தகவலைத்தான் 'ட்ரெம் கார்டு' (போக்குவரத்து அவசர அட்டை) என்கிறோம். விதி 133-இன்படி அது டிரைவர் கேபினில், சரக்கு வண்டியில் இருக்கும் நேரம் முழுக்க, எடுக்கும்படி இருக்கவேண்டும். ஒரு பக்கத்தில் அடங்குகிற அட்டை. சரக்கின் பெயர், பார்வைக்கும் மணத்துக்கும் எப்படி இருக்கும், என்ன ஆபத்து, என்ன கையுறை கண்ணாடி போடவேண்டும், சிந்தினால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன செய்வது, மேலே பட்டால் முதலுதவி என்ன, யாருக்குப் போன் செய்வது.

அமில அட்டையில் முதலுதவி வரிக்கு நேரே "உடனே ஏராளமான தண்ணீரால் கழுவவும்" என்று இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வண்டியில் இருக்கிறதா? 20 லிட்டர் கேன் ஒன்று தனியாக, குடிக்கவும் ரேடியேட்டருக்கும் தொடாமல், கட்டிவைத்திருந்தால்தான் அந்த வரிக்கு உயிர் வரும். முதலுதவிப் பெட்டி, பாதுகாப்புக் கருவி, நச்சுமுறி மருந்து ஆகியவை வண்டியில் இருப்பதை உறுதிசெய்வது சரக்கு அனுப்புகிறவர் பொறுப்பும்கூட. விதி 131 அதைத் தெளிவாகச் சொல்கிறது. "லாரிக்காரன் பாடு" என்று கைகழுவ முடியாது.

அட்டை தமிழிலும் இருக்கவேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். பிற மாநில டிரைவருக்கு அவர் மொழியில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி, ஓடும் ஊரின் மொழியில் ஒரு பிரதி. புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகிற வண்டி என்றால் மலையாளத்திலும் ஒன்று. மூன்று நான்கு பக்கம் அச்சடிக்க ஆகும் செலவு ஒரு டீக்குக் காணாது.

ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் இப்போது போனில் காட்டலாம். சோதனைக்கு அது செல்லும். ட்ரெம் கார்டை மட்டும் போனில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். விபத்தில் போன் உடையும், பூட்டியிருக்கும், டிரைவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அட்டையை லேமினேட் செய்து கேபின் கதவின் உட்பக்கப் பையில் வைப்பது நல்ல வழக்கம். சீட்டுக்கு அடியில், டூல் பாக்ஸுக்குள், பூட்டிய பெட்டிக்குள் வைத்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

டிரைவரின் லைசென்ஸ் தனிச் சங்கதி. ஆபத்தான சரக்கு ஓட்ட, விதி 9-இன்படி ஆங்கிலத்தோடு ஒரு இந்திய மொழியாவது எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும், அங்கீகரித்த நிறுவனத்தில் 3 நாள் பயிற்சி முடித்த சான்று வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்த லைசென்ஸ் 3 ஆண்டுக்குச் செல்லும், அதற்கு முன்பு ஓராண்டுதான். மாற்று டிரைவர் ஏறும் இடத்தில்தான் இது உடைகிறது. சான்றுள்ளவர் தூத்துக்குடியில் வண்டியை எடுத்து, கே.டி.சி. நகரில் சொந்தக்காரப் பையனிடம் கொடுத்துவிட்டு இறங்கினால் அத்தனை காகிதமும் வீண். இந்த விதிகளை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், மறுமுறை 20,000. சிறைத்தண்டனையும் உண்டு.

யாரும் எழுதாத காகிதம்

ஆபத்தான சரக்கு போகும் ஒவ்வொரு நடைக்கும் வண்டி உரிமையாளரும் சரக்கு அனுப்புகிறவரும் சேர்ந்து பாதையை வகுக்கவேண்டும், போகவர நேர அட்டவணையும் போடவேண்டும். போலீஸ் வேறு வழி சொன்னாலொழிய டிரைவர் அந்தப் பாதையில்தான் போகவேண்டும். இது விதி 132-இல் உள்ளது. நடைமுறையில் மற்ற எல்லாக் காகிதமும் இருக்கும், இது இருக்காது. இருந்தாலும் "தூத்துக்குடி – திருநெல்வேலி – நாகர்கோவில்" என்று ஒரு வரி இருக்கும்.

எங்கள் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான தாள். மற்றவை எந்த ஊருக்கும் பொருந்தும், இது மட்டும்தான் நம் ஊரைப் பற்றிப் பேசும். வல்லநாட்டுப் பாலத்துக்கு எதிரே "சிந்தினால் ஆற்றில் கலக்கும், குடிநீர் நீரேற்று நிலையத்துக்கு உடனே தகவல்" என்று எழுதி அதன் எண்ணைக் குறிக்கவேண்டும். வண்ணார்பேட்டைக்குள் நுழையாமல் புறவழிச்சாலையைப் பிடிக்கவேண்டும் என்று எழுதவேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஆலங்குளம், பாவூர்சத்திரம் தாண்டக்கூடாது என்று நேரத்தைப் போடவேண்டும். புளியரை எஸ் வளைவில் நிறைந்த டேங்கர் எந்த கியரில் இறங்கவேண்டும், எங்கே பிரேக் ஆறவேண்டும் என்று எழுதவேண்டும். அரைகுறையாக நிறைந்த டேங்கரில் திரவம் ஒரு பக்கம் அலைமோதி வண்டியைச் சாய்க்கும் என்பதால் வளைவுச் சாலைக்கு அது இன்னும் முக்கியம்.

பிறகு காற்று. ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். அந்த மாதங்களில் அங்கே குளோரின் கசிந்தால் சாலைக்குக் கிழக்கே உள்ள ஊர்கள் ஆபத்தில். ஐப்பசி கார்த்திகையில் வாடை அடிக்கும்போது நிலைமை தலைகீழ். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ஓடையும் குளத்துப் பள்ளமும் ஒளிய ஏற்ற இடம்போலத் தெரியும், அங்கேதான் வாயு வந்து சேரும். மேட்டுக்கு, காற்றுக்குக் குறுக்கே ஓடவேண்டும். பாதைத் தாளில் தென்மேற்குப் பருவத்துக்கு ஒரு குறிப்பு, வடகிழக்குப் பருவத்துக்கு ஒரு குறிப்பு எழுதிவைப்பது பெரிய வேலையே அல்ல.

பாதையோடு வண்டி நிறுத்தும் இடத்தையும் எழுதவேண்டும். நிற்கும் வண்டி தீ, வெடிப்பு ஆபத்தில்லாத இடத்தில், டிரைவர் அல்லது 18 வயதுக்கு மேற்பட்ட தகுதியுள்ள ஒருவர் கண்பார்வையில் இருக்கவேண்டும் என்பது விதி 133. ஓட்டல் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கிளீனர் பையனைக் காவல் வைத்து டிரைவர் தூங்கப் போவது அதற்குள் வராது. வீடுகளுக்கு அருகே டேங்கர் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தில் கண்ணூர் அருகே சாலாவில் எல்.பி.ஜி. டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்ததில் 20 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சாலையோர வீடுகளில் இருந்தவர்கள்.

சின்ன லோடும் லோடுதான்

டேங்கர்காரர்களைவிட அதிகம் தடுமாறுவது சின்ன வண்டிக்காரர்கள். பினாயில், பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் திரவம் விற்கும் கடைகளுக்குக் குட்டியானையில் 50 லிட்டர் கேன்களாக ஏற்றிவருகிறார்கள். ஆசிட் கேனில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஐ.நா. எண் 1789. பிளீச்சிங் கேனில் இருப்பது சோடியம் ஹைபோகுளோரைட், 1791. எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, கேன்கள் அப்படி இருக்கக்கூடாது. மேடு பள்ளத்தில் இரண்டு மூடி தளர்ந்து இரண்டும் தட்டில் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. வகுப்பு லேபிள் ஒட்டிய கேன் என்றால் ஏற்றுகிற கூலிக்காரரே பார்த்துப் பிரித்துவைப்பார். பழைய எண்ணெய் கேனில் ஊற்றி, லேபிள் இல்லாமல், இன்வாய்ஸில் "க்ளீனிங் மெட்டீரியல்" என்று எழுதினால் யாருக்கும் தெரியாது.

டீசலில் ஒரு எல்லை உண்டு. டீசல் பி வகுப்புப் பெட்ரோலியம். மொத்தம் 2,500 லிட்டருக்குள், எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் பெட்ரோலியச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டாம். குவாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் பேரலில் கொண்டுபோகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறார்கள். பெட்ரோலுக்கு அந்தச் சலுகை இல்லை: விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர்வரைதான், அதுவும் கண்ணாடியில் என்றால் 1 லிட்டருக்கு மேல் கூடாது, உலோகப் பாத்திரத்தில் 25 லிட்டருக்கு மேல் கூடாது.

ராதாபுரம் பக்கத்துக் கல்குவாரிகளுக்குப் போகும் வெடிமருந்து தனி உலகம். 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி வாங்குகிறவர் ஆர்.இ.-11 படிவத்தில் இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போடவேண்டும், அனுப்புகிறவர் ஆர்.இ.-12 பாஸ் தரவேண்டும், வண்டிக்கே தனி உரிமம் வேண்டும். இண்டென்ட்டில் உள்ள எண்ணிக்கையும் பாஸில் உள்ளதும் குவாரியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியதும் ஒத்துப்போகவேண்டும். ஒரு டெட்டனேட்டர் குறைந்தாலும் அது எங்கோ ஒரு கையில் இருக்கிறது என்று பொருள். அதனால்தான் பெட்டிக் கணக்கோடு நிறுத்தாமல் உருப்படிக் கணக்கு எழுதுகிறார்கள்.

ஏழு நிறத் தாள்

கங்கைகொண்டான் சிப்காட் போன்ற இடங்களிலிருந்து வெளியேறும் ஆபத்தான கழிவுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். கலனில் படிவம் 8 லேபிள், டிரைவரிடம் படிவம் 9 ட்ரெம் கார்டு, சரக்கோடு அது எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படிவம் 10. இந்த பத்தாம் படிவம் ஏழு பிரதி, ஏழு நிறம். அனுப்புகிறவர் ஏழிலும் கையெழுத்துப் போட்டு, வெள்ளையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிவிடுகிறார். லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மஞ்சளைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். மற்ற ஐந்தும் வண்டியோடு போகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் இளஞ்சிவப்பு அங்கே தங்கும், ஆரஞ்சு லாரிக்காரருக்கு, பச்சை வாரியத்துக்கு, நீலம் அனுப்பியவருக்குத் திரும்பும். கழிவு வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தால் சாம்பல் நிறத் தாள் அந்த மாநில வாரியத்துக்குப் போகும்.

இதில் கவனிக்கவேண்டியது நீலத் தாள். ஆலையில் மஞ்சள் இருக்கிறது, நீலம் வரவில்லை என்றால் கழிவு கிளம்பியிருக்கிறது, போய்ச் சேரவில்லை. மஞ்சளையும் நீலத்தையும் ஒரே கோப்பில் எதிரெதிராகக் குத்திவைத்தால், எந்த நடை காணாமல் போனது என்று புரட்டும்போதே தெரியும். எடையையும் ஒப்பிடவேண்டும்: 6 டன் கிளம்பி 4 டன் சேர்ந்தால் 2 டன் ஏதோ ஒரு ஓடையில் கிடக்கிறது. அன்றாடக் கணக்குக்குப் படிவம் 3, ஆண்டறிக்கைக்குப் படிவம் 4, கடைசி நாள் ஜூன் 30. கழிவை 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக்கூடாது என்பதால், படிவம் 3-இல் தேதி பொய்யானால் எல்லாமே பொய்யாகிவிடும்.

மருத்துவக் கழிவு வேறு விதிகளில் வருகிறது, அதுவும் 2016-இல் வந்ததுதான். பையில் பார்கோடு, தேதி, அனுப்பியவர், பெறுபவர் முகவரி, வண்டியில் ஜி.பி.எஸ்., சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, பதிவேடுகளை 5 ஆண்டு காக்கவேண்டும். இவை எதற்கு என்பதை நம் திருநெல்வேலி மாவட்டம் நேரிலேயே பார்த்துவிட்டது. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் கொட்டிக்கிடந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்ட பிறகு கேரள அரசு லாரிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தவை குவியலுக்குள் கிடந்த மருத்துவமனைச் சீட்டுகள். நோயாளியின் சீட்டைப் பொறுக்கி எடுத்துத்தான் ஊர் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது என்றால், பையோடு வந்திருக்கவேண்டிய கணக்கு வழியிலேயே அறுந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

விபத்து நடந்தபின் எழுதவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதில் தாமதம் கூடாது. டிரைவர் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் உரிமையாளருக்கும் சொல்லவேண்டும், இது விதி 136. ஆபத்தான கழிவு என்றால் வாரியத்துக்கு முதலில் போனில், பிறகு படிவம் 11-இல். 112 அல்லது 101-க்குப் பேசும்போது "கெமிக்கல் லாரி கவிழ்ந்துடுச்சு" என்று சொல்லி நிறுத்தாமல் பலகையில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்துச் சொன்னால், தீயணைப்பு வண்டி நுரையோடு வருவதா தண்ணீரோடு வருவதா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடுவார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

ஆலை கேட்டில் வண்டியை விடுகிற செக்யூரிட்டிக்கு ஒரு வேலை கொடுக்கலாம். பலகையில் பெயிண்டால் எழுதியிருக்கும் அவசர எண்ணை, கேட்டைத் திறக்குமுன் தன் போனிலிருந்து அழைக்கவேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்புகிற வண்டி என்றால் ராத்திரி இரண்டு மணிக்கே அழைக்கவேண்டும். யாராவது எடுத்து, என்ன சரக்கு என்று கேட்டதும் பதில் சொன்னால் கேட்டைத் திறக்கலாம்.